அரளிக்கு அந்தப் பக்கம்

நாலு வழிச்சாலையின் நடுவில் எங்கள் ஊர்க்காரர்கள் கடந்து போவதற்காக விட்டிருந்த இடைவெளியை ரோட்டு ஆணையம் கல் வைத்து அடைத்த மறுநாள், என் அக்கா வெயிலாச்சி தன் புருஷனுக்குத் தூக்குச்சட்டியில் கொண்டுபோன குழம்பு ரோட்டைக் கடப்பதற்குள் ஆறிப்போனது. அதற்கு முந்தின நாள் வரைக்கும் அதே குழம்பு, அதே சட்டியில், அதே உச்சிவெயிலில் போய், மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கிற சூட்டோடுதான் சேர்ந்துகொண்டிருந்தது. மச்சான் கூடலிங்கம் ஒரு வாய் வைத்துவிட்டு, "என்ன, இன்னைக்குக் காலையிலயே ஆக்கி வச்சிட்டியா?" என்று கேட்டிருக்கிறார். "இப்பத்தான எறக்கிக் கொண்டாரேன்" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். இரண்டு பேருமே அடுத்தவர் வேண்டுமென்று சீண்டுவதாக நினைத்துக்கொண்டார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் அது நடப்பதுதான் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் குழம்பு போய்ச் சேர்ந்தபோது ஊசிப்போயிருந்தது. காலையில் புறப்பட்ட அக்கா பொழுது சாயும்போதுதான் அந்தப் பக்கத்துக் கரையில் ஏறினாள். செருப்பின் அடியெல்லாம் தார் ஒட்டியிருந்தது. மச்சான் அன்றைக்கு மோரை விட்டுச் சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்தார். மறுநாள் விடிந்ததும் புறப்பட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்த அக்கா, "ரோடு கொஞ்சம் அகலமாயிருச்சு தம்பி" என்று மட்டும் சொன்னாள், மழை கொஞ்சம் கூடுதலாகப் பெய்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. பிறகு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள்.

ரோடு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எங்கள் வீட்டுச் சண்டைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைத்துக்கொள்வீர்கள். கொம்மடிப்பட்டி ஒரே ஊராக இருந்த காலத்தில், எங்கோ தொலைதூரத்து ஆபீஸில் யாரோ ஒருவர் வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்து, வடக்கே ஒரு பெரிய ஊரையும் தெற்கே ஒரு பெரிய ஊரையும் சேர்த்து ஒரு கோடு கிழித்தார். பிறகு எங்கள் கரிசல்காட்டில் மஞ்சள் பூசிய கற்கள் முளைத்தன, பேப்பரில் எங்கள் சர்வே நம்பர்கள் பொடி எழுத்தில் வந்தன, தாலுகா ஆபீஸுக்குக் கூப்பிட்டு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள், நாங்கள் கூட்டமாகப் போய் ஆட்சேபித்தோம், அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள், கோடு மட்டும் நகரவில்லை. அதன் பிறகு மண் வந்தது, மண்ணின் மேல் கிராவல், கிராவலின் மேல் ஜல்லி, ஜல்லியின் மேல் தார், தாரின் மேல் வெள்ளைக்கோடு, நடுவில் ஒரு திட்டு, திட்டின் மேல் வரிசையாக அரளிச்செடி, அரளிக்குத் தண்ணீர் விட ஒரு டேங்கர் லாரி, லாரிக்கு ஜெபராஜ் என்றொரு டிரைவர், எல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக வந்தன. ரோடு அழகாகத்தான் இருந்தது, அதையும் சொல்லாவிட்டால் பாவம். மழைக்காலத்தில் அதில் வானம் தெரியும்.

அந்தக் கோடு அக்கா வீட்டு அடுப்பங்கரை வழியாகப் போனதுதான் எங்கள் கிரகம். நடுக்கோடு எங்கே வரும் என்று பார்க்க வந்த சர்வேயர் குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுப்புக்கல்லின் மேலேயே சிவப்புப் பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார். வீடு இடிக்கிற நாள் வரைக்கும் அக்கா அந்தக் குறியின் மேல்தான் சட்டியை ஏற்றி இறக்கினாள். பெயின்ட் கருகியதே தவிர அழியவில்லை. வீட்டை இடித்தபோது மச்சான் வாசல் கதவைக் கழற்றி மேற்கே தூக்கிக்கொண்டு போனார், அங்கே அவருடைய கிணறும் மிளகாய்த் தோட்டமும், பக்கத்திலேயே அவர் அண்ணன் வீடும் இருந்தன. அக்கா அந்த அடுப்புக்கல்லைக் கிழக்கே தூக்கிக்கொண்டு வந்தாள், இங்கே என் வீட்டுக்குப் பக்கத்தில் எங்கள் அப்பா அவளுக்குச் சீராகக் கொடுத்த மனை இருந்தது. "தோட்டத்த விட்டுட்டு வந்து மச்சினன் வீட்டுத் தாவாரத்துல நான் ஒக்காரணுமாக்கும்" என்றார் அவர். "எங்கப்பா குடுத்த எடத்த விட்டுட்டு ஒங்கண்ணன் பொண்டாட்டி வாசல்ல நான் போயி நிக்கணுமாக்கும்" என்றாள் இவள். ரோட்டு வேலை முடிகிற வரைக்கும் ஆளுக்கொரு பக்கம் இருப்போம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கமும் ஒரு கூரையைப் போட்டார்கள். பிள்ளை இல்லாத வீடு என்பதால் ஏன் எதற்கு என்று கேட்கவும் ஆளில்லை.

கோபமாக இருந்தார்களே தவிரப் பிரிந்து இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. மத்தியானம் ஆனால் அக்கா தூக்குச்சட்டியோடு அந்த இடைவெளி வழியாகப் போவாள், அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்திருப்பாள், சட்டியை வாங்கிக்கொண்டு வருவாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அதனால் மச்சான் சட்டியைக் கழுவி, அதில் ஒரு பிடி மிளகாயோ நாலு கத்தரிக்காயோ போட்டுத்தான் கொடுப்பார். ஒருநாள் தோட்டத்தில் ஒன்றுமே இல்லையென்று கிணற்றடியில் பூத்த செவ்வந்தியைப் போட்டுக் கொடுத்திருந்தார். அக்கா அதை எங்களுக்குத் தெரியாமல் எடுத்து வைத்துக்கொள்ளப் பார்த்து, என் பெண்டாட்டி தங்கமாரியிடம் மாட்டிக்கொண்டாள்.

இடைவெளியை அடைத்தது ஒரு விபத்துக்குப் பிறகுதான், அதில் ஆணையத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அடைத்த நாளிலிருந்து மேற்குப் பக்கம் விலகிப் போய்க்கொண்டே இருந்தது. முதலில் சேவல் கூவுவது லேசாகக் கேட்டது, பிறகு விடிகாலையில் கூவியது இங்கே வந்து சேர மத்தியானமானது, பிறகு வருவதே இல்லை. வண்டியில் போகிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. லாரியும் பஸ்ஸும் காரும் எப்போதும் போலப் பறந்துகொண்டிருந்தன. "எனக்கு ஒண்ணும் தெரியலண்ணே, இந்த ஓரத்துக்கும் அரளிக்கும் நடுவுல எப்பவும் போல ரெண்டு வண்டி போற எடந்தான் இருக்கு" என்று தண்ணீர் லாரி ஜெபராஜ் சத்தியம் செய்தான். அப்படியென்றால் வண்டியிலேயே சுற்றிக்கொண்டு போவோம் என்று சிலர் டோல்கேட் வரைக்கும் போய்த் திரும்பி அந்தப் பக்கத்து ரோட்டில் வந்து பார்த்தார்கள். ரோடு வந்தது, எங்கள் ஊரின் பெயர் எழுதிய பச்சைப் பலகை வந்தது, ஊர் வரவில்லை. பலகையைப் பார்த்து பிரேக்கை மிதிப்பதற்குள் அடுத்த ஊரின் பலகை வந்துவிட்டது. மேற்குக் கொம்மடிப்பட்டிக்கு நடந்துதான் போக முடியும் என்று அதற்குப் பிறகு எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

ஒப்புக்கொண்ட பிறகு மனுஷனுக்கு எதுவும் பழகிவிடும். ரோட்டைக் கடக்கப் போகிறவர்களுக்குப் புளிச்சோறு கட்டிக்கொடுத்து, ஊர் எல்லை வரைக்கும் போய் வழியனுப்பப் பழகினோம். தாரை விட வெள்ளைக்கோட்டின் மேல் சூடு குறைவு என்பதால் கோட்டின் மேலேயே நடக்கவும், களைத்தால் அதிலேயே துண்டை விரித்துப் படுக்கவும் பழகினார்கள். ஓடுகிற வண்டிகளுக்கும் நடக்கிறவர்களுக்கும் நடுவில் எப்போதும் இன்னொரு வெள்ளைக்கோடு இருந்துகொண்டே இருந்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பாதி வழியில் அரளித் திட்டு வரும், அங்கே இரண்டு பக்கத்தாரும் சந்தித்துச் சேதி மாற்றிக்கொள்வார்கள். பள்ளிக்கூடம் மேற்கே இருந்தது. அரைக்கால் சட்டையோடு படிக்கப் போன என் சித்தப்பா பேரன் அரும்பு மீசையோடு திரும்பி வந்து, பாஸாகிவிட்டதாகச் சொன்னான். அம்மன் கோயிலும் மேற்கேதான். பங்குனிப் பொங்கலுக்கு அங்கிருந்து புறப்பட்ட சப்பரம் ஆடியில்தான் எங்கள் தெருவுக்கு வந்தது, வந்த அம்மனைத் திருப்பி அனுப்பவா முடியும், அன்றையிலிருந்து கிழக்குக் கொம்மடிப்பட்டிக்குப் பொங்கல் ஆடியில் என்றாகிவிட்டது. ரோடு தாண்டிப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்றுபோனது. கொடுத்திருந்தவர்கள் மட்டும் ரோட்டோரத்தில் வந்து நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அக்கா கடைசியாகப் போய் வந்தபோது அவள் போக ஒரு அமாவாசையும் வர ஒரு பவுர்ணமியும் ஆனது. குழம்பெல்லாம் அந்த வழிக்குத் தாங்காது என்று தெரிந்து வறுத்த மாவும் உப்புக்கண்டமும் எடுத்துப் போயிருந்தாள். அதைச் சாப்பிட்டுவிட்டு மச்சான், "இப்படி நடந்து சாகுறதுக்கு இங்கேயே இருந்துற வேண்டியதுதான?" என்று கேட்டிருக்கிறார். கேட்டதில் தப்பில்லை, கேட்ட விதம் இவளுக்குப் பிடிக்கவில்லை. "அங்க ஒங்களுக்கும் சேத்துத்தான் கூரை போட்டிருக்கேன், கிளம்பி வாங்க" என்றிருக்கிறாள். பேச்சு வளர்ந்து, அவருடைய அண்ணன் பெண்டாட்டி வரைக்கும் போய், எங்கள் அப்பா வரைக்கும் வந்து, கடைசியில் அவர் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்ததும் சட்டியைத் திறந்து எங்களுக்குக் காட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை. "பாத்துக்கோ தம்பி" என்று சொல்லி அதை மச்சுமேல் தூக்கிப் போட்டவள், அதற்குப் பிறகு ரோட்டில் கால் வைக்கவில்லை. ஆனால் தினமும் மத்தியானம், சோறு வடிக்கிற நேரத்துக்கு, காரணம் எதுவும் சொல்லாமல் ரோட்டோரம் வரைக்கும் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். அவள் நிற்பதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். எரிச்சலாகவும் இருக்கும்.

எங்கள் மனுக்களின் பேரில் ஆணையத்திலிருந்து நல்லசிவம் என்று ஒரு இன்ஜினீயர் வந்தார், நல்ல மனுஷர், பேச்சில் பொடி இல்லாதவர். எஃகு டேப்பின் ஒரு நுனியை என் கையில் கொடுத்து, "இந்தக் கல்லு மேல அழுத்திப் பிடிச்சுக்கோங்க, நான் அந்தப் பக்கம் போயி ஒரு இழு இழுப்பேன், அப்ப விட்டுரலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டேன், பிடித்துக்கொண்டே தூங்கினேன், தங்கமாரி வந்து பிடித்துக்கொண்ட நேரத்தில் குளித்துவிட்டு வந்தேன். டேப்பு இழுபட்டபோது நிலாவே ஒரு சுற்றுத் தேய்ந்து வளர்ந்திருந்தது. திரும்பி வந்த இன்ஜினீயருக்கு நெஞ்சு வரைக்கும் தாடி, ஷூவில் அடிப்பாகம் இல்லை. டேப்பைப் பார்த்தோம். அறுபது மீட்டர் காட்டியது, ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "அளவு சரியாத்தான் இருக்கு, கால்தான் வலிக்குது" என்று சொல்லிவிட்டு அவர் எங்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, "நீங்கதான் வெயிலாச்சி அம்மாவா? மேற்க ஒருத்தர் வீட்லதான் தங்கினேன். கஞ்சி ஊத்தினாரு. ஒரே ஒரு கேள்விதான் கேட்டனுப்பினாரு" என்றார்.

"என்ன கேட்டாக?"

"அவ நேரத்துக்குச் சாப்பிடுறாளான்னு கேட்டாரு."

"நான் சாப்பிடுறதுக்கு என்ன கொறை" என்று சொல்லிவிட்டு உள்ளே போன அக்கா அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை.

அளவு சரியாக இருந்தாலும் மனிதர்கள் நடந்து போக அடியில் ஒரு சுரங்கப்பாதை வேண்டும் என்று நல்லசிவம் மேலே எழுதினார். எழுதியதும் கிடைத்துவிடாது, அதற்கு ஒரு முறை இருக்கிறது: ரோட்டைக் கடக்கிறவர்கள் எவ்வளவு பேர் என்று ஒரு வாரம் ஆள் போட்டு எண்ணுவார்கள், போதுமான ஆட்கள் இருந்தால் பாதை கிடைக்கும். எண்ணுகிறவர்கள் குடையும் நாற்காலியும் கையில் அமுக்கினால் டிக்கென்று எண் ஏறுகிற கருவியுமாக இரண்டு பக்கத்திலும் வந்து உட்கார வேண்டும் என்று ஏற்பாடு. மேற்குப் பக்கத்துக்கான ஆட்கள் பாவம் மாதக்கணக்கில் முன்னதாகவே நடக்க ஆரம்பித்தார்கள். இங்கேதான் நாங்கள் எங்கள் புத்தியைக் காட்டினோம். நிறைய ஆள் போனால்தானே நிறைய எண்ணிக்கை வரும் என்று, எண்ண ஆரம்பிக்கிற நாளன்று காலையில், வெளுத்த வேட்டியும் பெட்டியிலிருந்து எடுத்த பட்டுச்சேலையுமாக, கைக்குழந்தை முதல் கட்டிலில் கிடந்தவர் வரைக்கும், கிழக்கே இருந்தவர்கள் எல்லாம் மேற்கேயும், மேற்கே இருந்தவர்கள் எல்லாம் கிழக்கேயும் ஒரேயடியாக ரோட்டில் இறங்கினோம். அக்காவும் மச்சானும் மட்டும் இறங்கவில்லை. அவர்கள் வந்தால் வீம்பு என்ன ஆவது. ஒரு வாரம் முழுக்க ஊரே ரோட்டில் நடந்துகொண்டிருந்தது. ஒரு வாரத்தில் ஒருவர் கூட எந்தக் கரைக்கும் போய்ச் சேரவில்லை. கடந்து முடித்தவர்களைத்தான் எண்ண வேண்டும் என்பது விதி. கருவிகள் இரண்டும் பூஜ்யத்திலேயே நின்றன.

பாதி ஆள் மூன்று மாதத்துக்கு முன்னாலேயே புறப்பட்டிருந்தால் சரியாக அந்த வாரத்தில் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆணையம் நியாயமாகத்தான் முடிவெடுத்தது: கொம்மடிப்பட்டியில் ரோட்டைக் கடக்க ஆளே இல்லை, ஆகவே சுரங்கப்பாதை தேவையில்லை, ஆகவே அரளித் திட்டின் இரண்டு ஓரத்திலும் ஆள் ஏற முடியாதபடி உயரமாகக் கம்பிவலை போட்டுவிடலாம். நல்லசிவம் அதைச் சொல்ல நேரில் வந்தார். ஆடி கழிவதற்குள் வடக்கேயும் தெற்கேயும் இருந்து ஒட்டிக்கொண்டே வருவார்கள், இங்கே வந்து முடிப்பார்கள் என்றார். "யாராச்சும் யாருகிட்டயாச்சும் போய்ச் சேரணும்னா இப்பவே கிளம்பிரச் சொல்லுங்க. இந்தச் சேதிய அந்தப் பக்கமும் சொல்லி அனுப்பியிருக்கேன்" என்று சொன்னபோது அவர் யாரையும் பார்க்கவில்லை, ஆனால் எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

மறுநாள் காலையில் அக்கா மிளகாய் வறுத்து மசாலா அரைத்தாள், அரிசியும் பருப்பும் புளியும் தனித்தனி முடிச்சாகக் கட்டினாள், ஒரு குழம்புச்சட்டியையும் தட்டையும் எடுத்து வைத்தாள், மச்சுமேல் கிடந்த தூக்குச்சட்டியை எடுத்துச் சாம்பல் போட்டு விளக்கினாள், கடைசியாகச் சிவப்புக் குறி போட்ட அந்த அடுப்புக்கல்லைப் பெயர்த்து எடுத்தாள். நான் தூக்கிப் பார்த்தேன். முதுகு பிடித்துக்கொண்டது.

"கல்லு எதுக்குக்கா? அங்க கல்லா இல்ல?"

"அந்த வீட்டு அடுப்புல நான் ஆக்க மாட்டேன்."

"போறதுன்னு ஆயிருச்சு, இனி எந்த அடுப்பா இருந்தா என்ன?"

"தூக்க முடியலன்னா வை. நான் தூக்கிக்கிறேன்."

தூக்கிக்கொண்டு நடந்தேன். தங்கமாரி கரையில் நின்று, "மதினி, உப்பு மறந்துட்டீக" என்று கூப்பிட்டு, ஓடிவந்து ஒரு முடிச்சைக் கொடுத்தாள். நானும் அக்காவும் வெள்ளைக்கோட்டின் மேல் நடந்தோம், வெயிலில் நடந்தோம், மழையில் வானத்தின் மேல் நடந்தோம், எங்களைத் தாண்டி அரிசி லாரியும் கேஸ் லாரியும் கல்யாணத்துக்குப் போகிற வேனும் போய்க்கொண்டே இருந்தன, யாரும் எங்களைப் பார்க்கவில்லை. நடையில் அக்கா பழைய கதை எதையும் பேசவில்லை. மச்சானுக்குக் காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும், ஆறினால் சாப்பிட மாட்டார், அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார், தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் அவருக்காக எவ்வளவு ஏங்கிப்போயிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அரளித் திட்டில் ஏறியதும் அக்கா மேற்கே பார்க்கவில்லை. செடிகளுக்கு நடுவில் குனிந்து குனிந்து வடக்கே கொஞ்ச தூரம் போனாள், ஒரு இடத்தில் நின்று மண்ணைக் காலால் கிளறினாள். அடியில் மண் கரியாக இருந்தது. எத்தனையோ வருஷத்துச் சாம்பல் இறங்கிய இடம், ஆணையம் கொட்டிய செம்மண்ணுக்குக் கீழே அப்படியே கிடந்தது. "இங்க வை" என்றாள். நான் கல்லை இறக்கினேன். அது வந்து உட்கார்ந்த தினுசைப் பார்த்தால் ஒருநாளும் அங்கிருந்து போகாத கல் மாதிரி இருந்தது.

அப்போது மேற்கே செடிகள் விலகின. முதலில் ஒரு கதவு வந்தது, கதவுக்கு அடியில் இரண்டு கால்கள் வந்தன. கதவை இறக்கி ஒரு அரளியின் மேல் சாத்திவிட்டு மச்சான் மூச்சு வாங்க நின்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து சுள்ளி ஒடிக்க ஆரம்பித்தாள்.

"நான் ஒண்ணும் ஒங்க வீட்டுக்கு வரல" என்றாள், நிமிராமல்.

"நானும் ஒன் வீட்டுக்கு வரல" என்றார் அவர்.

"பின்ன கதவத் தூக்கிக்கிட்டு எங்க வந்தீகளாம்?"

அவர் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார், அதில் காய்ந்த மிளகாயும் சருகாகிப் போன செவ்வந்தியும் இருந்தன. தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்து அதற்குள் போட்டார்.

"நம்ம வீட்டுக்குத்தான் வந்தேன்" என்றார்.

அக்கா தீயை ஊதினாள். புகைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக நன்றாக ஊதினாள்.

வடக்கேயிருந்து கம்பி அடிக்கிற சத்தம் வந்தது, தெற்கேயிருந்தும் வந்தது. இரண்டு சத்தமும் நெருங்கிக்கொண்டிருந்தன. நான், "அக்கா, இப்பவே எறங்கினாத்தான் உண்டு. ரெண்டு பேரும் வாங்க, கெழக்க வேணாம்னா மேக்க போவோம், நானும் வாரேன், எங்கயாச்சும் ஒரு பக்கம் போயிருவோம்" என்று கெஞ்சினேன். மச்சான் அக்காவைப் பார்த்தார். அக்கா அடுப்பைப் பார்த்தாள்.

"குழம்பு கொதிக்குது தம்பி. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ."

"சாப்பிட நேரம் இல்லக்கா."

"இந்தா எறக்கிருவேன்."

எனக்குக் கிழக்கே தங்கமாரி நிற்கிறாள். கம்பிவலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டது. நான் சாப்பிடாமல் இறங்கினேன். வெள்ளைக்கோட்டில் நின்று திரும்பியபோது, மச்சான் தட்டில் கையை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்து விரலை ஊதிக்கொண்டிருந்தார், அக்கா அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது. பிறகு வலை வந்து மூடியது. நான் அழுதுகொண்டே நடந்தேன், ஊர் வந்து சேர்கிற வரைக்கும் அழ எனக்கு வழி இருந்தது.

அதற்குப் பிறகு அவர்களிடம் யாரும் போக முடியவில்லை. தினமும் மத்தியானம் கிழக்குக் கரையில் நின்று பார்த்தால், வெகுதூரத்தில், அரளிகளுக்கு மேலே நூல் மாதிரி ஒரு புகை எழும்பும். மேற்கே இருப்பவர்களும் அவர்கள் கரையில் நின்று அதே புகையைத்தான் பார்த்திருப்பார்கள். வருஷா வருஷம் ரோட்டைச் சோதிக்க வருகிற நல்லசிவமும் ஒருமுறை அதைப் பார்த்தார். நடுத்திட்டில் புகை என்றால் விசாரிக்க வேண்டும், விசாரித்தால் அகற்ற வேண்டும். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பனிமூட்டம்னு போட்டுக்கிறேன்" என்றார். கத்திரி வெயில் கொளுத்திய மத்தியானம் அது. டவுனுக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்து தலையை நீட்டுவேன், அரளிகள் ஓடும், கம்பிவலை ஓடும், கண்டக்டர் திட்டுவார், அடுத்த ஊர் வந்துவிடும்.

போன வாரம் ஜெபராஜ் வழக்கம்போல எங்கள் கண்மாயில் தண்ணீர் பிடிக்க லாரியை நிறுத்திவிட்டு, என்னைத் தேடி வீட்டுக்கு வந்தான். அவன் கையில் எங்கள் தூக்குச்சட்டி இருந்தது. துண்டை மடித்துப் பிடித்திருந்தான்.

"செடிக்குத் தண்ணி பீச்சிக்கிட்டே வாரேண்ணே, வலைச் சந்து வழியா ஒரு கை வெளிய வந்துச்சு. கண்ணாடி வளையல் போட்ட கை. கொம்மடிப்பட்டிக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு, வாங்கிட்டேன்."

"எந்த எடத்துலடா?"

"தெரியலண்ணே. வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சே."

மூடியைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. அதே குழம்பு, காரம் கொஞ்சம் தூக்கலாக. நான் சோற்றுக்குக் கூடக் காத்திருக்காமல் கையை விட்டு எடுத்து வாயில் போட்டேன், நாக்கு பொத்துவிட்டது, துப்பவும் மனசில்லை, முழுங்கவும் முடியவில்லை, கண்ணில் தண்ணீராகக் கொட்டியது. தங்கமாரி ஒரு கை எடுத்தாள், ஜெபராஜுக்கும் ஒரு கை கொடுத்தாள். எவ்வளவோ தூரம், எவ்வளவோ நாள் நடை, அதில் ஒரு அடி கூட அந்தக் குழம்புக்குத் தெரிந்திருக்கவில்லை.

வெறும் சட்டியை அனுப்பக் கூடாது என்று தங்கமாரி எங்கள் மரத்துப் புளியில் ஒரு உருண்டையும், அன்றைக்கு ஓடிவந்து கொடுத்தது இப்போது தீர்ந்துபோயிருக்கும் என்று ஒரு முடிச்சு உப்பும் எடுத்து வைத்தாள். ஜெபராஜ் லாரியைக் கிளப்பிக்கொண்டு வருகிற வரைக்கும் நான் ரோட்டோரத்தில் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கழுவித் துடைத்த பிறகும் அதன் அடி கதகதப்பாகவே இருந்தது.